ஆ வகைக் கட்டைவிரல்

ஜூன் 2, திங்கள்

ஆண்டுச் சரிபார்ப்பு. காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பகல் ஒன்றே முக்காலுக்கு முடித்தேன். தட்டுகள் நாற்பத்தொன்று, கிண்ணங்கள் ஆறு, மூடி இல்லாத சர்க்கரைக் குவளை ஒன்று. எதுவும் குறையவில்லை. குவளைக்குள் எறும்பு இருந்தது, வெளியேற்றினேன்.

பிற்காலத்தில் இந்த நாட்குறிப்பை ஆராயப்போகிறவருக்காகச் சில விவரங்கள். நான் காவல்துறையின் விரல்ரேகைப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். குடியிருப்பு பாளையங்கோட்டை. லோயிஸ் டீச்சர் இதே ஊரில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியையாக இருந்தவர். வெள்ளைப் பீங்கான் தட்டுகளை வாங்கி, பூவும் பறவையும் தீட்டி, வீட்டின் பின்கட்டில் வைத்திருக்கும் சிறிய மின்சூளையில் சுட்டு எடுப்பார். நாற்பது ஆண்டுகளாக இந்த ஊரில் கல்யாணம் என்றால் மணமக்களுக்கு டீச்சர் தட்டு ஒன்று வந்து சேரும். அதில் யாரும் சாப்பிட்டதில்லை. கண்ணாடி அலமாரியில் நிற்கவைப்பார்கள். பேரன் தலையெடுத்ததும் விற்பான். வாங்குகிறவன் நான். உலகத்தில் லோயிஸ் தட்டுகளைச் சேகரிப்பவன் நான் ஒருவன் மட்டுமே என்பதால், உலகின் மிகப் பெரிய லோயிஸ் சேகரிப்பு என்னுடையது.

டீச்சர் தட்டில் கையெழுத்து இடுவதில்லை. ஆனால் வண்ணம் பட்ட கையால் தட்டைத் திருப்பும்போது பின்விளிம்பில் கட்டைவிரல் பதிந்து, அது சூளையில் தட்டோடு சேர்ந்து வெந்துவிடுகிறது. எல்லாத் தட்டிலும் உண்டு. இதைக் கண்டுபிடித்த அன்றே டீச்சர் வீட்டுக்குப் போய், மையும் உருளையும் காட்டி, பத்து விரல்களின் ரேகையையும் பணிவாகக் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டார். அது நடந்து ஐந்து வருடம். அன்றிலிருந்து உறவைச் சீர்செய்வதற்காக என் மனைவி எப்சிபா ஒவ்வொரு செவ்வாயும் டீச்சர் வீட்டுக்குப் போய் வருகிறாள். மதியம் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புகிறாள். உறவு இன்னும் சீராகவில்லை.

சேகரிப்பில் இரண்டு வகைக் கட்டைவிரல்கள் உள்ளன. அ வகை: சுழி. ஆ வகை: வளையம், குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. ஆ வகை சென்ற ஆண்டிலிருந்துதான் தென்படுகிறது, இன்றைய திருத்தத்தையும் சேர்த்து இதுவரை ஏழு. டீச்சர் முதுமையில் தட்டை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டுவிட்டார் என்பது என் முடிவு. ஆகவே ஆ வகை என்பது டீச்சரின் வலது கட்டைவிரல்.

சரிபார்ப்பில் ஒரு திருத்தம். பதினான்காம் எண் தட்டின் (மீன்கொத்தி) ரேகை பதிவேட்டில் அ என்று இருந்தது. பார்த்தால் ஆ. எழுத்துப் பிழை, திருத்தினேன். இந்த மீன்கொத்தி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததாக எனக்கு நினைவு. இன்று என்னைப் பார்த்தது. நல்ல ஓவியம் ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் தெரியும்.

ஜூன் 3, செவ்வாய்

சமையலறைக் குழாய் சொட்டுவதாக எப்சிபா சொன்னாள். வாஷர் மாற்ற வேண்டும். நானே மாற்றுவதாகச் சொன்னேன்.

மாலையில் அவளிடம் கிராம்பு எண்ணெய் வாடை. பல்வலியை மறைக்கிறாள். கிளாட்சனிடம் போகச் சொன்னேன்.

ஜூன் 9, திங்கள்

எப்சிபா டாக்டர் கிளாட்சனிடம் போய் வந்தாள். கிளாட்சன் பல் மருத்துவர். பீங்கான் பல் கட்டுகிறவர் என்பதால் பீங்கானில் தேர்ச்சி உள்ளவர். எங்கள் லோயிஸ் பீங்கான் ஆர்வலர் கழகத்துக்கு அவர் துணைத் தலைவர். நான் தலைவர். எப்சிபா செயலாளர். உறுப்பினர் என்று தனியாக யாரும் இல்லை.

மாலையில் அவரே வீட்டுக்கு வந்தார்.

"அக்காக்குப் பல்லுல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. முப்பத்திரண்டும் கல்லு மாதிரி இருக்கு."

"அப்பம் கிராம்பு எண்ணெ வாட?"

கிளாட்சன் கூடத்தில் மாட்டியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எப்சிபாவைப் பார்த்தார். அவள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"சில பேருக்கு வாட இருக்கும். வலி இருக்காது" என்றார். மருத்துவம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது.

ஜூன் 14, சனி

போலி ஒன்று பிடிபட்டது. ஜங்ஷன் பக்கம் பழைய சாமான் விற்கிறவரிடம் போன வாரம் வாங்கிய ரோஜாத் தட்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அச்சுப் புள்ளிகள். பின்னால் கட்டைவிரல் இல்லை. கழக விதி ஒன்பதின்படி போலி எதுவும் சாட்சிகள் முன்னிலையில் உடைக்கப்பட வேண்டும்.

பின்முற்றத்தில் வைத்து, சாட்சிகள் கையெழுத்திடும் மகஜர் எழுதினேன். படிவம் நான் தயாரித்ததுதான், துறையின் பழைய படிவத்தை ஒட்டியது. ஏழாவது பத்தியில் மட்டும் "வீட்டார் ரேகைகள் எடுத்து விலக்கப்பட்டனவா?" என்று இருக்கும். திருட்டு நடந்த வீட்டில் கிடைக்கும் ரேகைகளில் பெரும்பாலானவை அந்த வீட்டுக்காரர்களுடையவை. அவற்றை முதலில் விலக்காமல் திருடனைத் தேடப்போகிறவன் மடையன் என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லித் தருவார்கள். தட்டு விஷயத்துக்கு இது பொருந்தாது என்பதால் அந்தப் பத்தியில் எப்போதும் "தேவையில்லை" என்றே எழுதிவருகிறேன்.

முதல் சாட்சி கிளாட்சன். இரண்டாம் சாட்சி எப்சிபா. சுத்தியல் வழக்கமானது.

ஓங்கும்போது எப்சிபா கேட்டாள்: "போலின்னா ஒடைக்கத்தான் செய்யணுமா?"

"விதி அப்படி."

"நல்லா வரஞ்சிருந்தா?"

"நல்லா வரஞ்ச போலிதான் பெரிய குத்தம். அதுக்கு ரெண்டு அடி கூட வைக்கணும்."

கிளாட்சனுக்கு இருமல் வந்தது. எப்சிபா சில்லுகளைக் கூட்டி முருங்கைக்கு அடியில் உள்ள குழியில் போட்டாள். இன்று மீன் குழம்பில் உப்பு இல்லை. சொன்னேன். "ஆமா" என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

குழாய் சொட்டுகிறது. கீழே ஒரு பாத்திரம் வைக்கச் சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறுகளில் ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் விற்பனை நடக்கும். முந்திரிக்கொத்து, இட்லிப்பொடி, பாளையங்கோட்டையில் யாருக்கும் குளிராத காரணத்தால் யாரும் வாங்காத கம்பளிக் குல்லாய். சில மாதங்களில், கடைசியாக ஒரு தட்டு ஏலத்துக்கு வரும். "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரியின் காணிக்கை" என்று குருவானவர் அறிவிப்பார். டீச்சரின் தன்னடக்கம். சென்ற ஆண்டிலிருந்து, பதினான்காம் எண் நீங்கலாக, ஆ வகை முழுவதும் எனக்கு இப்படித்தான் கிடைத்துவருகிறது.

தட்டு ஏலத்துக்கு வரும்போது சபையில் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை. பாடற்குழுப் பிள்ளைகள் மதில்மேல் ஏறி உட்காருகிறார்கள். மக்களிடையே கலையார்வம் பெருகிவருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஏலம் கேட்பது என்னவோ நானும் கிளாட்சனும் மட்டும்தான்.

"நீரு எதுக்கு ஓய் ஏத்துதீரு? கழகத்துத் துணைத் தலைவருல்லா?"

"கோயில் கூர ஒழுகுது அண்ணாச்சி. ஆண்டவருக்குத்தானே."

கூரைக்கு ஓட்டுத் தொழிற்சாலையையே வாங்கிவிடும் அளவுக்கு விலையை ஏற்றிவிட்டுக் கடைசியில் விட்டுக்கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். எப்சிபா பெண்கள் பக்கம் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில்.

தட்டு: நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் வழுக்கைத் தலையர். பின்னாலிருந்து தெரிகிறார். இடது காதுக்குப் பின்னால் ஒரு மரு. செய்தித்தாளுக்கு அப்பால் சன்னல், சன்னலுக்கு அப்பால் முருங்கை. ஆ வகை, நீல நிறம், தெளிவான பதிவு.

வீட்டுக்கு வரும் வழியில் கிளாட்சன் சொன்னார்: "இந்தத் தலைய எங்கயோ பாத்த மாதிரி இருக்கு அண்ணாச்சி."

அறுபது தாண்டிய ஆண்களில் பாதிப் பேர் பின்னாலிருந்து இப்படித்தான் இருப்பார்கள் என்று விளக்கினேன். எனக்கே அதே இடத்தில் மரு உண்டு. அந்தக் கலைஞர் தனி மனிதரை வரையவில்லை, ஒரு வகையை வரைந்திருக்கிறார்.

ஜூலை 7, திங்கள்

"லோயிஸின் பிற்காலப் பாணி" என்ற கட்டுரையைத் தொடங்கினேன். முதல் பத்தி:

"முற்காலத் தட்டுகளில் டீச்சர் தாம் கண்டிராத இங்கிலாந்து ரோஜாக்களைக் குறையின்றி வரைந்தார். பிற்காலத்தில் கண்ணெதிரே இருப்பதை வரைகிறார். அரைத்துவைத்த மாவு, கொடியில் காயும் வேட்டி, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் மனிதர். இந்தக் கை யாருடனோ நெடுங்காலம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறது. அந்த ஆள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை."

டீச்சர் மணமாகாதவர். இதைக் கட்டுரையில் எப்படிச் சரிக்கட்டுவது என்று யோசிக்க வேண்டும்.

எப்சிபாவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். "நல்லா எழுதிருக்கீங்க" என்றாள். அவளுக்கு இதிலெல்லாம் பழக்கமில்லை. ஆனாலும் நல்ல இடத்தைச் சரியாகப் பிடித்துவிடுகிறாள்.

ஜூலை 19, சனி

ரேஷன் கடையில் அவமானம். எனக்கல்ல, அறிவியலுக்கு.

எப்சிபா வலது கட்டைவிரலை வைத்தாள், இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள், ஏற்கவில்லை. நான்காம் தடவையும் கூவியது. பின்னால் வரிசை கொதித்தது.

"ரேக அழிஞ்சிருக்கும்மா, வேற வெரல வைங்க" என்றார் கடைக்காரர்.

ரேகை அழியாது என்று அவரிடம் சொன்னேன். தோல் உரிந்தாலும் அதே ரேகைதான் வளரும். வெட்டுப் பட்டால் தழும்பும் சேர்ந்து அடையாளமாகுமே தவிர ரேகை போகாது. முப்பத்திரண்டு ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன் என்றேன்.

"சரி சார். அரிசி வேணுமா, வேண்டாமா?"

எப்சிபாவின் விரலை வாங்கிப் பார்த்தேன். வரிகளுக்கிடையே நீலம் அடைத்துக்கொண்டிருந்தது. குறுக்கே பழைய தழும்பு. கல்யாணமான புதிதில் அரிவாள்மணையில் பட்டது.

"இதென்ன நீலம்?"

"சொட்டு நீலம். வேட்டிக்குப் போட்டேம்லா."

ஆள்காட்டி விரலை வைத்ததும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. என் வேட்டிகளுக்காக இவள் இவ்வளவு பாடுபடுவது எனக்குத் தெரியாமல் போயிற்று. வேட்டி அப்படியொன்றும் வெளுப்பாக இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த மாதத் தட்டு: ஒரு குழாய். அதன் நுனியில் விழப்போகும் ஒரு சொட்டு. கீழே ஒரு பாத்திரம், முக்கால் நிறைந்தது. வேறொன்றும் இல்லை.

நான் இதுவரை கண்ட தட்டுகளில் இதுவே சிறந்தது. காலம் என்பதை இவ்வளவு எளிமையாக யாரும் சொன்னதில்லை. சொட்டு விழவே இல்லை; ஆனால் பாத்திரம் நிறைகிறது. எவ்வளவு பொறுமை! கட்டுரையில் இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது சமையலறையில் உண்மையாகவே குழாய் சொட்டிக்கொண்டிருந்ததால் கவனம் சிதறியது. கதவைச் சாத்தினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

டீச்சர் வேலை பார்த்த பள்ளியிலிருந்து கடிதம். ஆண்டு விழாவில் லோயிஸ் தட்டுகளைக் காட்சிக்கு வைக்க விரும்புகிறார்கள். முழுச் சேகரிப்பையும் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். டீச்சரே வந்து திறந்துவைப்பாராம்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு அவரை நேரில் சந்திக்கப்போகிறேன். தம் வாழ்நாள் படைப்பு முழுவதையும் அவர் ஒரே மேசையில் பார்க்கப்போகிறார். எப்சிபாவிடம் சொன்னேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எல்லாத் தட்டையும் வைக்கணுமா?"

"பின்னே?"

"பழசு மட்டும் வச்சா போதாதா? டீச்சருக்கு வயசாச்சு. நெறையப் பாத்தா தலச்சுத்தும்."

தலை சுற்றினால் நாற்காலி இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நீண்ட மேசையில் வெள்ளைத் துணி விரித்து எண் வரிசைப்படி வைத்திருந்தோம். டீச்சர் கைத்தடியுடன் வந்தார். எண்பத்தொரு வயது. தடியைப் பிடித்த கை நடுங்கியது. பிடிக்காத கை அதைவிட நடுங்கியது. நாடா வெட்ட முடியாமல் கத்தரிக்கோலை எப்சிபா கையில் கொடுத்துவிட்டார். அவள் வெட்டினாள்.

பிறகு மேசையோரமாக நடந்தார். நான் பதிவேட்டுடன் கூடவே நடந்தேன். கிளாட்சன் பின்னால்.

"இது என்னுது. இது என்னுது. இது லில்லி கல்யாணத்துக்குப் போட்டது, மாப்ள ஓடிப்போனான். இது என்னுது."

பதினான்காம் எண்ணில் நின்றார்.

"இது என்னுது இல்ல."

"டீச்சர், மீன்கொத்தி. ஒங்க மீன்கொத்திதான்."

"எம் மீன்கொத்தி ஆத்தப் பாக்கும். அதுக்குப் பசி. இது ஆளப் பாக்குது."

மேலே நடந்தார். அரைத்த மாவு, வேட்டி, வழுக்கைத் தலையர், குழாய். மீன்கொத்தியோடு சேர்த்து ஒன்பது தட்டுகள். ஒவ்வொன்றின் முன்னும் "இதும் இல்ல" என்றார். பள்ளித் தலைமையாசிரியை சிரித்த முகத்தை மாற்றாமல் அப்படியே வைத்திருந்தார்.

"டீச்சர், நீங்க மறந்திருப்பீங்க. இது ஒங்க பிற்காலப் பாணி. வலது கட்டவெரல்."

டீச்சர் நடுங்கும் கையை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். "மூணு வருஷமா இந்தக் கையால காப்பித் தம்ளரே பிடிக்க முடியல. பிற்காலமாம், பாணியாம்."

"அப்பம் இது யார் வரஞ்சது?"

"போலீஸ்காரரு நீரு. நீரே கண்டுபிடியும்."

போகும்போது குழாய்த் தட்டின் முன் மறுபடி நின்றார். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "என்னுதவிட நல்லா இருக்கு" என்றார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை; என் பக்கம் பார்க்கவில்லை.

எப்சிபா டீச்சருக்குத் தேநீர் ஆற்றி, தம்ளரைத் தானே பிடித்துக் குடிக்கவைத்தாள். பழகிய கை.

செப்டம்பர் 13, சனி

ஒன்பது போலிகள். விதி ஒன்பது. திங்கட்கிழமை காலை பத்து மணி.

கட்டுரை முப்பத்தொரு பக்கம் ஆகியிருந்தது. இழுப்பறையில் வைத்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

ஒன்பதரைக்குப் பின்முற்றத்துக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே எப்சிபா ஒன்பது தட்டுகளையும் கொண்டுவந்து, செய்தித்தாள் விரித்து, வரிசையாக வைத்திருந்தாள். பக்கத்தில் சுத்தியல். பக்கத்தில் துடைப்பம். முருங்கைக்கு அடியில் குழி புதிதாகத் தோண்டியிருந்தது. இந்தத் தடவை ஆழமாக.

"நீயா தோண்டினே?"

"பத்து மணின்னுதானே சொன்னீங்க."

கிளாட்சன் வந்தார். வாய் மரத்துப்போன ஒரு நோயாளியைக் கிளினிக்கில் அப்படியே உட்காரவைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். சுத்தியலைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, போலின்னா அடுத்தவன் பேரப் போட்டு விக்கணும். இதுல யார் பேரும் இல்லியே. காணிக்கன்னுதானே குடுத்தாங்க? டீச்சருதுன்னு சொன்னது நீங்கதானே?"

சட்டப்படி அதில் ஓரளவு நியாயம் இருந்தது. ஆனால் விதியை எழுதியவன் நான் என்பதால் உடனே ஒப்புக்கொள்வது முறையல்ல.

மகஜர் எழுதத் தொடங்கினேன். எப்சிபா நான் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. இரண்டாம் சாட்சி இடத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டாள். அவள் இடக்கைப் பழக்கக்காரி. வலது கட்டைவிரலால் தாளை அழுத்திக்கொண்டு இடக்கையால் எழுதினாள். தாளின் ஓரத்தில் நீலமாக ஒரு பதிவு விழுந்தது. சேலையால் துடைத்தாள். போகவில்லை.

கிளாட்சன் முருங்கைமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஒன்று முதல் ஆறு வரை பத்திகளை நிரப்பினேன். ஏழாவது பத்தி: "வீட்டார் ரேகைகள் எடுத்து விலக்கப்பட்டனவா?"

"தேவையில்லை" என்று எழுத வேண்டும். "தே" எழுதினேன். பேனா நின்றது. மை இருந்தது, பேனாதான் நின்றது.

"கிளாட்சன், இந்தப் படிவம் பூர்த்தியாகல. பூர்த்தியாகாத படிவத்த வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. ஒம்ம நோயாளிக்கு உணர்வு வந்திருக்கும், போய்ப் பாரும்."

"சரி அண்ணாச்சி" என்றார் அவர். வாசல்வரை ஓட்டமும் நடையுமாகப் போனார். வெளியே போனபின் அவர் சிரித்த சத்தம் கேட்டது. மரத்த வாயுடன் காத்திருக்கும் ஒருவரை நினைத்துச் சிரிப்பது மருத்துவருக்கு அழகல்ல.

உள்ளே போய் மையும் உருளையும் கண்ணாடிப் பலகையும் எடுத்துவந்தேன். ஓய்வு பெற்றபின் முதல் தடவை. மை கெட்டிப்பட்டிருந்தது. எப்சிபா எழுந்து போய் ஒரு சிறு குப்பியைக் கொண்டுவந்து இரண்டு சொட்டு விட்டுக் குழைத்தாள். கிராம்பு எண்ணெய். பீங்கான் வண்ணத்தையும் இதில்தான் குழைப்பார்கள்.

"கைய நீட்டு" என்றேன்.

எந்தக் கை என்று நான் சொல்லவில்லை. வலது கையை நீட்டினாள்.

கட்டைவிரலை உள்பக்கமாகத் திருப்பி உருட்ட வேண்டும். ஆள் விரலைத் தளர்த்திவிட வேண்டும், தானாக அழுத்தக்கூடாது. ஆயிரக்கணக்கான பேருக்கு எடுத்திருக்கிறேன். பெரும்பாலோர் விறைத்துக்கொள்வார்கள், அடிதான் விழும் என்று நினைத்து. எப்சிபா விரலை அப்படியே என் கையில் விட்டுவிட்டாள். முப்பத்துநான்கு வருடக் கல்யாணத்தில் அவள் கையை நான் இவ்வளவு நேரம் பிடித்திருந்த நினைவு இல்லை. கல்யாணத்தன்று பிடித்திருக்க வேண்டும். அப்போது குருவானவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"பதினாலாம் நம்பரு" என்று தொடங்கினாள். "போன வருஷம் தொடைக்கும்போது கை தவறி..."

"சொல்லாதே."

"இல்ல, சொல்லிடுதேன்..."

"போலீஸ்காரன்கிட்ட குடுத்த வாக்குமூலம் கோர்ட்டுல செல்லாது. நான் ரிட்டயர்டு வேற. ஒண்ணுக்கு ரெண்டு தடவ செல்லாது."

அவள் நிறுத்திக்கொண்டாள். விரலை நான் இன்னும் விடவில்லை என்பதைச் சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தேன்.

ரேகையை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். குழாய்த் தட்டின் பின்விளிம்பையும் இதையும் பூதக்கண்ணாடியில் வைத்து ஒப்புப் புள்ளிகளை எண்ணினேன். எட்டுப் புள்ளிகளை வைத்து நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறேன். இன்று பன்னிரண்டுவரை எண்ணினேன். அதற்குமேல் கண் சரியாகத் தெரியவில்லை. புரை விழுகிறது போலும்.

முடிவு: கருத்துக் கூற இயலவில்லை.

ஒன்பது தட்டுகளையும் நானே உள்ளே கொண்டுவந்து பழைய இடங்களில் மாட்டினேன். எப்சிபா குழியை வெறுமனே மூடாமல் அதில் கறிவேப்பிலைக் கன்று ஒன்றை நட்டாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

எப்சிபா டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போது "எத்தன மணிக்கு வருவே?" என்று கேட்டேன். முன்பு கேட்டதில்லை. நின்று திரும்பிப் பார்த்தாள். "சூள ஆறணும். ஏழாகும்" என்றாள்.

கடைக்குப் போய் வாஷர் வாங்கினேன். அளவு தப்பு. மறுபடி போனேன். இன்னொரு தப்பு. மூன்றாம் தடவை கடைக்காரர் ஆளை அனுப்பவா என்றார். மறுத்துவிட்டேன். மாலை நான்கு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூட மறந்தது தெரியவந்தது. ஐந்தே காலுக்குச் சமையலறை வடிந்தது. ஆறு மணிக்குக் குழாய் மூடிக்கொண்டது. பாத்திரத்தை எடுத்துக் கவிழ்த்துவைத்தேன்.

ஏழு மணிக்கு எப்சிபா வந்தாள். சமையலறை வாசலில் நின்றாள். கவிழ்ந்திருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு, "சத்தமே இல்ல" என்றாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

டீச்சரிடமிருந்து எப்சிபா கையில் ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு தாள். பத்து விரல்களின் ரேகை. நடுக்கத்தில் எல்லாம் இழுபட்டிருக்கின்றன. ஒப்பிட ஒன்றும் உதவாது. கீழே எழுத்து கோணலாக: "இனிமே கேக்கக்கூடாது."

சட்டம் போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

விற்பனை. சபையில் அசாதாரண அமைதி. பிள்ளைகள் மதில்மேல். குருவானவர் தட்டைத் தூக்கிக் காட்டி, "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரியின்..." என்று தொடங்கினார்.

நான் கை தூக்கினேன். கிளாட்சன் இந்தத் தடவை ஏற்றவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. "கேட்கிறவர் உண்டா?" என்று குருவானவர் மூன்று தடவை கேட்டார். கூரை ஒழுகுவதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. எனவே என் விலைக்குமேல் நானே ஏற்றிக் கேட்டேன். அதற்கும் மேல் இன்னொரு தடவை கேட்டேன். அப்படிக் கேட்க விதியில் தடை ஒன்றும் இல்லை.

பெண்கள் பக்கம் எப்சிபா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். தோள்கள் குலுங்கின. இன்று வெயில் இல்லை.

தட்டு: சமையலறைத் தொட்டி. அதற்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. குதிகால் வெடிப்புகூட விடாமல் வரைந்திருக்கிறது. மூன்று அளவுகளில் மூன்று வாஷர்கள் தரையில். குழாயின்மேல் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. அது ஆற்றைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்க்கிறது. அதற்குப் பசி இருப்பதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பதிவேட்டில் ஏற்றினேன். எண் நாற்பத்துநான்கு. ஆ வகை, நீலம், தெளிவான பதிவு. இந்தத் தட்டுக்கும் அதே படிவத்தில் ஒரு மகஜர் எழுதி, ஏழாவது பத்திக்கு வந்தேன். துறையில் இதற்கு ஒரே ஒரு வழக்கம்தான்: "வீட்டார் ரேகை. விலக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு அடுத்ததைப் பார்ப்போம். எத்தனையோ ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன்.

இன்று எழுதியது: வீட்டார் ரேகை. சேர்க்கப்பட்டது.

எப்சிபாவிடம் இரண்டாம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டேன். படித்தாள். கையெழுத்துப் போடாமல் கட்டைவிரலை வைத்தாள்.